'த ஃபேக்ட் தட்', 'த ப்ராப்ளம் இஸ் தட்': ஆங்கில வாக்கியம் உடையும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லோடு ஒரு முழு வாக்கியத்தை 'தட்' போட்டுக் கோர்க்க முக்கியமாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் நடுவே 'இஸ்' வரும்: 'த ப்ராப்ளம் இஸ் தட் த சர்வர் இஸ் டவுன்'. இன்னொன்றில் 'இஸ்' இல்லாமல் பெயர்ச்சொல்லை ஒட்டியே வரும்: 'த நியூஸ் தட் த சர்வர் இஸ் டவுன்'. முதலாவது முற்றுப்பெற்ற வாக்கியம். இரண்டாவது எவ்வளவு நீண்டாலும் வெறும் பெயர்த்தொடர்தான். அதற்குப் பயனிலை இனிமேல்தான் வர வேண்டும்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பெயர்ச்சொல்லும் தட்-வாக்கியமும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். செய்தி எது? சர்வர் விழுந்தது. பிரச்சினை எது? சர்வர் விழுந்தது. பெயர்ச்சொல் வெளியே ஓடு, தட்-வாக்கியம் உள்ளே பருப்பு. மொழியியலிலும் இத்தகைய சொற்களுக்கு ஷெல் நவுன் (ஓட்டுப் பெயர்ச்சொல்) என்றுதான் பெயர்; மொழியியலாளர் ஹான்ஸ்-யோர்க் ஷ்மிட் 2000-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் அந்தப் பெயர் பரவலானது.

வாக்கியம் நொண்டினால் பெரும்பாலோர் 'தட்'டில்தான் கை வைக்கிறார்கள். 'விச்' ஆக்குகிறார்கள், எடுத்துவிடுகிறார்கள், இன்னொன்று சேர்க்கிறார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லில் இருக்கும், அல்லது பின்னால் வராமல் போன வினையில் இருக்கும். அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கீழே எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்தில் உள்ளன. வாய்விட்டுப் படித்தால் எந்த இடத்தில் இடறுகிறது என்று காதே சொல்லிவிடும்.

அறிகுறி: முற்றுப்புள்ளி வைத்தும் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது

'த ஃபேக்ட் தட் சேல்ஸ் ஃபெல் இன் மார்ச்.' இதில் எழுவாய் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே 'ஃபெல்' என்ற வினை இருப்பதால் வாக்கியம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த வினை தட்-வாக்கியத்துக்குச் சொந்தம். 'ஃபேக்ட்'டுக்கு இன்னும் வினை வரவில்லை.

சோதிக்க, 'தட்' முதல் அதன் வாக்கியம் முடியும் வரை விரலால் மறையுங்கள். 'த ஃபேக்ட்' மட்டும் மிஞ்சும். வினை இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். திருத்த மூன்று வழிகள்: முடிவில் வினை சேர்க்கலாம் ('...வொரீஸ் த ஓனர்ஸ்'), நடுவில் 'இஸ்' போடலாம் ('த ஃபேக்ட் இஸ் தட் சேல்ஸ் ஃபெல்'), அல்லது 'த ஃபேக்ட் தட்' என்ற மூன்று சொற்களையும் வெட்டலாம் ('சேல்ஸ் ஃபெல் இன் மார்ச்'). மூன்றாவதே போதுமான இடங்கள்தான் அதிகம்.

தமிழில் எழுதிப் பழகியவர்களிடம் இதே பிழை இன்னொரு உருவில் வரும்: 'த ரீசன் தட் த சர்வர் இஸ் டவுன்' என்று எழுதிவிட்டு, 'சர்வர் விழுந்ததுதான் காரணம்' என்று சொன்னதாக நினைப்பார்கள். 'காரணம் மழை', 'பிரச்சினை பணம்' என்று நாம் இணைப்பு வினை இல்லாமலே முடிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த 'இஸ்' விழுந்தால் வாக்கியமே விழுந்துவிடும்.

அறிகுறி: 'தட்' வந்துவிட்டது, ஆனால் 'அந்த' என்ற பொருள் தருகிறது

'த ரீசன் ஃபார் த டிலே இஸ் தட் ரெயின்.' படிப்பவர் 'அந்த மழை' என்று எடுத்துக்கொள்வார். 'தட்'டுக்குப் பிறகு வெறும் பெயர்ச்சொல் வந்தால் அது சுட்டுச்சொல் ஆகிவிடும். எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்து வந்தால்தான் அது இணைப்புச்சொல். எனவே 'இஸ் த ரெயின்' என்று முடியுங்கள். அல்லது 'இஸ் தட் இட் ரெய்ண்ட்' என்று வினை கொடுங்கள். 'த ப்ராப்ளம் இஸ் தட் லேக் ஆஃப் ஃபண்ட்ஸ்' என்பதும் இதே கோளாறுதான்: 'இஸ் லேக் ஆஃப் ஃபண்ட்ஸ்' அல்லது 'இஸ் தட் வீ லேக் ஃபண்ட்ஸ்'.

'த ஃபேக்ட் தட் தட் பிளான் ஃபெயில்ட்' என்று இரண்டு 'தட்' அடுத்தடுத்து வருவதில் பிழை இல்லை. முதலாவது இணைப்பு, இரண்டாவது சுட்டு. கண்ணுக்கு உறுத்தினால் இரண்டாவதை 'த' ஆக்கலாம்.

அறிகுறி: 'விச்' போட்டதும் வாக்கியம் கோணிக்கொள்கிறது

'வீ ஹெர்ட் த நியூஸ் விச் ஹி டைட்.' படித்தவர்கள் எழுத்திலும் சர்வசாதாரணமாக வருவது இது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானிப்போம்.

'தட்' இரண்டு வெவ்வேறு வேலைகள் செய்கிறது. 'த நியூஸ் தட் ஹி ப்ராட்' என்றால் அவர் கொண்டுவந்த செய்தி. 'ப்ராட்' என்ற வினைக்குச் செயப்படுபொருள் காணவில்லை. அந்தக் காலி இடம்தான் செய்தி. இங்கே 'தட்'டை 'விச்' ஆக்கலாம். 'த நியூஸ் தட் ஹி டைட்' என்பதில் எந்த இடமும் காலியாக இல்லை. 'ஹி டைட்' முழு வாக்கியம், செய்தியின் உள்ளடக்கமே அதுதான். இங்கே 'விச்' நுழையவே முடியாது.

தமிழில் எச்சம் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது: 'அவர் கொண்டுவந்த செய்தி', 'அவர் இறந்த செய்தி'. அதனால்தான் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. எச்சத்தை முற்றாக்கி 'என்ற' சேர்த்துப் பாருங்கள். 'அவர் இறந்தார் என்ற செய்தி': பொருள் மாறவில்லை, ஆகவே 'தட்' மட்டும்தான். 'அவர் கொண்டுவந்தார் என்ற செய்தி': பொருள் மாறிவிட்டது, ஆகவே 'தட்', 'விச்' இரண்டும் சரி.

ஆங்கிலத்துக்குள்ளேயே சோதிக்க வேண்டுமானால் நடுவில் 'இஸ்' போடுங்கள். 'த நியூஸ் இஸ் தட் ஹி டைட்' நிற்கிறது. 'த நியூஸ் இஸ் தட் ஹி ப்ராட்' நிற்கவில்லை. நின்றால் உள்ளடக்கம், 'விச்' கூடாது.

அறிகுறி: 'ரீசன்' என்ற சொல் வந்தாலே குழப்பம்

'ரீசன்' தனி ரகம். 'த ரீசன் தட் ஹி லாஸ்ட்' என்பதில் தோற்றது காரணம் அல்ல, விளைவு. மேலே சொன்ன 'என்ற' சோதனையில் போட்டால் தெரியும்: 'தோற்றான் என்ற காரணம்' என்றால் தோல்வியே காரணமாகிவிடும், நாம் சொல்ல வந்தது அதுவல்ல. இந்தத் 'தட்' 'விச்' என்பதன் இடத்தில் அல்ல, 'வை' என்பதன் இடத்தில் நிற்கிறது. காரணத்தின் உள்ளடக்கம் 'இஸ்'ஸுக்குப் பிறகுதான் வரும்: 'த ரீசன் தட் ஹி லாஸ்ட் இஸ் தட் ஹி டிட் நாட் பிராக்டிஸ்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு 'தட்', இரண்டு வேலை. முதலாவதை எடுத்துவிடலாம் ('த ரீசன் ஹி லாஸ்ட்'), 'வை' ஆக்கலாம். இரண்டாவதை எழுத்தில் விட்டுவிடாதீர்கள்.

'த ரீசன் இஸ் பிகாஸ்' பற்றி வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. பெரிய ஆங்கில எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள், பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள். 'ரீசன்' ஏற்கெனவே காரணம் என்கிறது, 'பிகாஸ்' அதையே மறுபடி சொல்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. தேர்வுத்தாள், ஆய்வேடு, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் 'இஸ் தட்' எழுதுங்கள். அதைத் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'த ரீசன் வை... இஸ் பிகாஸ் ஆஃப் த ஃபேக்ட் தட்' என்று மூன்றடுக்காக எழுதுவதை மட்டும் எந்த இடத்திலும் காப்பாற்ற முடியாது.

அறிகுறி: 'தட் வெதர்'

'த கொஸ்டின் இஸ் தட் வெதர் வீ கேன் பே.' தமிழில் 'முடியுமா என்பதுதான் கேள்வி' என்று ஆ-வுக்குப் பிறகும் 'என்பது' வரும். அந்த 'என்பது' ஆங்கிலத்தில் 'தட்' ஆகப் போய் விழுகிறது. 'வெதர்', 'ஹவ்', 'வை', 'வாட்' எல்லாம் தாமே இணைப்புச்சொற்கள். 'தட்'டை வெட்டுங்கள்: 'த கொஸ்டின் இஸ் வெதர் வீ கேன் பே'.

'டவுட்' இதில் இரண்டு பக்கமும் சாயும். சந்தேகம் இல்லை என்றால் 'தேர் இஸ் நோ டவுட் தட்'. சந்தேகம் உண்டு என்றால் 'தேர் இஸ் சம் டவுட் அபவுட் வெதர்'. வகுப்பில் கை தூக்கி 'ஐ ஹாவ் எ டவுட்' என்பது இந்தியாவில் கேள்வி என்று புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினால் அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று படுவதற்கு இடமுண்டு. அங்கே 'கொஸ்டின்' என்றே எழுதுங்கள்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, ஆனால் பெயர்ச்சொல் 'தட்'டை ஏற்கவில்லை

'ஹிஸ் எபிலிட்டி தட் ஹி சால்வ்ஸ் ப்ராப்ளம்ஸ்.' இலக்கணப்படி ஒவ்வொரு உறுப்பும் உண்டு, ஆனாலும் ஆங்கிலம் இல்லை. எந்தப் பெயர்ச்சொல் தட்-வாக்கியத்தை ஏற்கும் என்பதற்கு ஓரளவு ஒழுங்கு உண்டு.

சொல்வது, நினைப்பது, அறிவது ஆகிய வினைகளிலிருந்து பிறந்தவை ஏற்கும்: கிளெய்ம், பிலீஃப், ஸ்டேட்மென்ட், சஜெஷன், அனவுன்ஸ்மென்ட், டிஸ்கவரி, ஹோப், ஃபியர், நாலெட்ஜ். உறுதி, வாய்ப்பு பற்றியவை ஏற்கும்: பாசிபிலிட்டி, லைக்லிஹுட், சான்ஸ், ரிஸ்க், டேஞ்சர், சர்ட்டன்ட்டி. ஃபேக்ட், ஐடியா, நியூஸ், ரூமர், எவிடன்ஸ் ஆகியவையும் ஏற்கும்.

செயலைச் செய்யும் திறன், முயற்சி, மறுப்பு பற்றியவை 'டு' கேட்கும்: எபிலிட்டி, அட்டெம்ப்ட், ஃபெயிலியர், ரெஃப்யூசல், டென்டன்சி. 'ஹிஸ் எபிலிட்டி டு சால்வ் ப்ராப்ளம்ஸ்'. இவற்றுக்கு உண்மை, பொய் என்ற கேள்வியே எழாது, 'அது உண்மையா?' என்று கேட்க முடியாத பெயர்ச்சொல் தட்-வாக்கியத்தோடு பெரும்பாலும் ஒட்டாது. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. டிஃபரன்ஸ், ட்ரபிள், கேட்ச் போன்றவை 'இஸ்' இருந்தால் ஏற்கும், ஒட்டி நின்றால் மறுக்கும். 'த டிஃபரன்ஸ் இஸ் தட் திஸ் ஒன் இஸ் வாட்டர்ப்ரூஃப்' நன்றாக நிற்கும். 'த டிஃபரன்ஸ் தட் திஸ் ஒன் இஸ் வாட்டர்ப்ரூஃப்' நிற்காது. இந்தச் சொற்களுக்கு எப்போதும் 'இஸ்' வடிவத்தையே எடுங்கள்.

நோக்கம் சொல்லும் எய்ம், பர்ப்பஸ், கோல் ஆகியவற்றுக்கு 'இஸ் டு' இயல்பானது: 'த எய்ம் இஸ் டு ரெட்யூஸ் வேஸ்ட்'. 'த சொல்யூஷன் இஸ் தட் வீ ஷுட் சேஞ்ச் த பம்ப்' என்பதையும் 'இஸ் டு சேஞ்ச் த பம்ப்' என்றால் போதும்.

பரிந்துரை, நிபந்தனை சொல்லும் பெயர்ச்சொற்கள் 'தட்'டை ஏற்கும், ஆனால் உள்ளே இருக்கும் வினையின் வடிவத்தை மாற்றிவிடும். 'த ரெகமண்டேஷன் தட் த கமிட்டி மீட் எவ்ரி மன்த்' என்பதில் 'மீட்ஸ்' இல்லை. 'த ரிக்வயர்மென்ட் இஸ் தட் எவ்ரி ஃபார்ம் பி சைன்ட்' என்பதில் 'இஸ்' இல்லை. அமெரிக்க வழக்கில் இப்படி வெறும் வினை. பிரிட்டிஷ் வழக்கில் 'ஷுட் மீட்', 'ஷுட் பி சைன்ட்' அதிகம் புழங்கும். எதை எடுத்தாலும் ஆவணம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'டிஸ்பைட் தட்', 'ட்யூ டு தட்', 'ஹோப் ஃபார் தட்'

ஆங்கில முன்னிடைச்சொல்லுக்குப் பின் தட்-வாக்கியம் நேரடியாக வராது. 'இன் தட்', 'எக்செப்ட் தட்' போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 'டிஸ்பைட் தட் ஹி வாஸ் இல்' என்று எழுதிவிட்டால் நடுவில் 'த ஃபேக்ட்' செருகலாம். இங்கே அந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் 'ஆல்தோ ஹி வாஸ் இல்' அதைவிட இலகு. 'ட்யூ டு த ஃபேக்ட் தட்' வந்தால் 'பிகாஸ்' என்று மாற்றிப் பாருங்கள்; பொருள் குறைந்தால் மட்டும் பழையதை வையுங்கள். குறைவது அபூர்வம்.

பெயர்ச்சொல்லோடு வழக்கமாக வரும் முன்னிடைச்சொல்லும் 'தட்'டுக்கு முன் உதிர்ந்துவிடும். 'ஹோப் ஃபார் ரெயின்', ஆனால் 'த ஹோப் தட் இட் வில் ரெயின்'. 'அவேர்னஸ் ஆஃப் த ரிஸ்க்', ஆனால் 'அவேர்னஸ் தட் தேர் இஸ் எ ரிஸ்க்'.

அறிகுறி: 'இஸ் இஸ்', அல்லது வழியில் முளைக்கும் இரண்டாவது 'தட்'

'த திங் இஸ் இஸ் தட் வீ ஆர் லேட்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேசுகிறார்கள். அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1987-இல் இந்த இரட்டை 'இஸ்' பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 'த திங் இஸ்' ஒரே சொல்போல உறைந்துவிட்டதால் வாய் இன்னொரு 'இஸ்' தேடுகிறது. எழுத்தில் ஒன்றை வெட்டுங்கள். ஆனால் 'வாட் த ப்ராப்ளம் இஸ், இஸ் தட்...' என்று 'வாட்' முன்னால் இருந்தால் இரண்டு 'இஸ்'ஸும் தேவை. அங்கே முதலாவது எழுவாய்க்குள் இருக்கிறது. அவசரத் திருத்தத்தில் இதையும் சேர்த்து வெட்டிவிடுபவர்கள் உண்டு.

இரட்டைத் 'தட்' நீளத்தால் வருவது: 'த ப்ராப்ளம் இஸ் தட் இஃப் த பேங்க் க்ளோசஸ் எர்லி தட் வீ கேனாட் பே'. நடுவில் 'இஃப்' பகுதி நுழைந்ததும் எழுதுபவர் முதல் 'தட்'டை மறந்து இன்னொன்று போடுகிறார். இரண்டாவதை வெட்டி, 'எர்லி' என்ற சொல்லுக்குப் பின் கால்புள்ளி வையுங்கள். அல்லது 'இஃப்' பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: கால்புள்ளி எங்கே என்று தெரியவில்லை

'இஸ்'ஸுக்கும் 'தட்'டுக்கும் நடுவில் கால்புள்ளி கிடையாது. பழைய அச்சுப் புத்தகங்களில் பார்த்திருக்கலாம், இப்போது பிழை. 'தட்'டை விட்டுவிட்டால்தான் அந்த இடத்தில் கால்புள்ளி வரும்: 'த ப்ராப்ளம் இஸ், வீ ஆர் லேட்'. இது பேச்சு நடை, அறிக்கையில் வேண்டாம்.

பெயர்ச்சொல்லை ஒட்டி வரும் 'தட்'டை விட்டுவிடுவது இன்னும் ஆபத்து. 'ஐ திங்க் ஹி லெஃப்ட்' என்பதுபோல வினைக்குப் பின் தாராளமாக விடலாம். 'த கிளெய்ம் த கம்பெனி மேட் எ ப்ராஃபிட்' என்று எழுதினால், 'கம்பெனி முன்வைத்த கூற்று' என்று படித்துக்கொண்டு வந்தவர் 'எ ப்ராஃபிட்' வந்ததும் திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு 'தட்' அந்தச் சிரமத்தைத் தீர்த்துவிடும்.

அறிகுறி: ஒருமை பன்மை தடுமாறுகிறது, உறைந்த தொடர் இயல்பாக ஒலிக்கவில்லை

'த ஃபேக்ட் தட் காஸ்ட்ஸ் ஆர் ரைசிங் வொரி அஸ்' தவறு, 'வொரீஸ்' வேண்டும். வினை 'ஃபேக்ட்'டைப் பார்க்கும், அருகில் இருக்கும் 'காஸ்ட்ஸ்'ஸைப் பார்க்காது. 'எவிடன்ஸ்' எண்ண முடியாத சொல்; ஒருமைக்குரிய 'அன்' சேர்க்காமல் 'தேர் இஸ் எவிடன்ஸ் தட்' என்றே எழுத வேண்டும். 'எ பாசிபிலிட்டி தட்' வரும், 'எ ஃபேக்ட் தட்' என்று ஒரு பெயர்த்தொடர் வராது ('இட் இஸ் எ ஃபேக்ட் தட்' வேறு அமைப்பு). 'ஆன் த கிரவுண்ட்ஸ் தட்' பெரும்பாலும் பன்மை. 'ஆன் கண்டிஷன் தட்', 'டு த எஃபெக்ட் தட்', 'அண்டர் த இம்ப்ரெஷன் தட்', 'ஆஃப் த ஒபினியன் தட்' ஆகியவை பெரும்பாலும் அப்படியே உறைந்த தொடர்கள். உள்ளே எதையும் மாற்றாதீர்கள்.

அறிகுறி: இலக்கணம் சரி, பொருள் தவறு

'ஃபேக்ட்' என்றால் நீங்களே உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 'ஹி டினைட் த ஃபேக்ட் தட் ஹி டுக் த மனி' என்று எழுதினால், அவர் மறுத்தார், ஆனால் பணம் எடுத்தது உண்மை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். நிரூபிக்கப்படாததற்கு 'அலிகேஷன்', ஒருவர் சொல்வதற்கு 'கிளெய்ம்', நம்புவதற்கு 'பிலீஃப்'. 'ஹி டினைட் தட்...' என்று பெயர்ச்சொல்லே இல்லாமல் எழுதினால் இந்தச் சிக்கலே வராது. செய்தி எழுதுபவர்களும் வழக்கு ஆவணம் எழுதுபவர்களும் இந்த ஒரு இடத்தில் சோம்பக் கூடாது. தவறான ஒரு சொல் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

அறிகுறி: எழுவாய் நீண்டு, வினை வருவதற்குள் மூச்சு வாங்குகிறது

'எ ரூமர் தட் த பேங்க் வுட் க்ளோஸ் இட்ஸ் பிராஞ்சஸ் நெக்ஸ்ட் வீக் ஸ்ப்ரெட்.' கடைசியில் ஒற்றைச் சொல்லாக வினை தொங்குகிறது. தட்-வாக்கியத்தைக் கழற்றி வினைக்குப் பின் வையுங்கள்: 'எ ரூமர் ஸ்ப்ரெட் தட் த பேங்க்...'. 'ஸ்ப்ரெட்', 'கேம்', 'ரிமெய்ன்ஸ்' போன்ற இலேசான வினைகளோடு இது நன்றாக வரும்: 'த ஃபேக்ட் ரிமெய்ன்ஸ் தட்...'. வினைக்குப் பின் கனமான செயப்படுபொருள் இருந்தால் இப்படிக் கழற்றாதீர்கள். தட்-வாக்கியம் யாருடையது என்று தெரியாமல் போகும்.

பல கோளாறுகள் ஒரே வாக்கியத்தில்

அலுவலக மின்னஞ்சலில் வரக்கூடிய ஒன்று: 'த மெயின் ரீசன் ஃபார் தட் த ஷிப்மென்ட் காட் டிலேய்ட் இஸ் பிகாஸ் ஆஃப் த ஃபேக்ட் தட் த டாக்குமென்ட்ஸ் விச் த கஸ்டம்ஸ் ஆஸ்க்ட் வாஸ் நாட் சப்மிட்டட்.' 24 சொற்கள்.

தலைப் பெயர்ச்சொல் 'ரீசன்'. அதன் பின் 'ஃபார் தட்' நிற்க முடியாது, இரண்டையும் வெட்டுங்கள். 'காட்' என்பதை 'வாஸ்' ஆக்குங்கள். 'இஸ் பிகாஸ் ஆஃப் த ஃபேக்ட் தட்' முழுவதையும் 'இஸ் தட்' ஆக்குங்கள். 'டாக்குமென்ட்ஸ் விச்' என்பதில் 'விச்' சரிதான், ஏனென்றால் 'ஆஸ்க்ட்' வினைக்குப் பின் காலி இடம் இருக்கிறது. ஆனால் அந்த வினை 'ஃபார்' கேட்கும். 'விச்'சை விட்டாலும் குழப்பம் வராது. 'கஸ்டம்ஸ்' துறையைக் குறிக்கும்போது 'த' வேண்டாம். 'டாக்குமென்ட்ஸ்' பன்மை, எனவே 'வேர்'.

'த மெயின் ரீசன் த ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட் இஸ் தட் த டாக்குமென்ட்ஸ் கஸ்டம்ஸ் ஆஸ்க்ட் ஃபார் வேர் நாட் சப்மிட்டட்.' 17 சொற்கள். 'ரீசன்' சட்டத்தையே கழற்றினால் 'த ஷிப்மென்ட் வாஸ் டிலேய்ட் பிகாஸ் த டாக்குமென்ட்ஸ் கஸ்டம்ஸ் ஆஸ்க்ட் ஃபார் வேர் நாட் சப்மிட்டட்' என்று 13 சொற்களில் முடியும். சரக்கு தாமதமானதே எதிர்முனைக்குப் புதுச் செய்தி என்றால் இந்தக் குட்டை வடிவம். தாமதம் அவருக்குத் தெரியும், ஏன் என்றுதான் கேட்டிருக்கிறார் என்றால் 17 சொல் வடிவத்தை அனுப்புங்கள். அவர் கேட்ட சொல்லிலேயே பதில் தொடங்கும்.